பயிற்சி முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள்

"எங்கள் ஆட்களுக்கு ரெண்டு நாள் டிரெயினிங் வையுங்கள்" என்றுதான் மேலாளர்கள் என்னிடம் வருவார்கள். தேதி, அறை, புரொஜெக்டர் எல்லாம் முடிவாகியிருக்கும். எங்கே தவறு நடக்கிறது என்பது மட்டும் தெளிவாக இருக்காது. அதனால் நான் முதலில் ஒன்று கேட்பேன்: சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று பார்த்தால் இதே ஊழியர் இந்த வேலையைச் சரியாகச் செய்வாரா? செய்வார் என்றால் அவருக்கு வேலை தெரிந்திருக்கிறது. குறையை வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஒரு பேக்கிங் பிரிவில் லேபிள்கள் மாறி ஒட்டப்படுகின்றன, வகுப்பு எடுங்கள் என்று அழைத்தார்கள். ஒரு காலை நேரம் முழுக்க மேசை ஓரமாக நின்று பார்த்தேன். லேபிள் பிரிண்டர் ஊழியரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பெட்டியில் உள்ள எண்ணைப் படித்து, மனதில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்து, பிறகு தட்ட வேண்டும். பல எண்களில் கடைசி இலக்கம் மட்டுமே மாறும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. பிரிண்டரை மேசைமேலேயே வைத்து, ஒரு ஸ்கேனரும் கொடுக்கச் சொன்னேன். வகுப்பு தேவைப்படவில்லை. எடுத்திருந்தால், தெரிந்த வேலையையே திரும்பச் சொல்லி அந்த ஆட்களைச் சிறுமைப்படுத்தியிருப்போம்.

சரி, உண்மையிலேயே தெரியவில்லை என்றால், தெரியாதது எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

எந்திரத்தை இயக்குவது, திரையில் படிப்படியாகச் செய்வது போன்றவற்றுக்கு வேலை இடத்திலேயே ஒருவர் ஒருவருக்குச் சொல்லித்தருவதுதான் சரி. அமெரிக்காவில் 1940 முதல் 1945 வரை, போர்க்காலத் தொழிற்சாலைகளுக்குப் புது ஆட்களை விரைவாகப் பழக்க 'டிரெயினிங் வித்தின் இண்டஸ்ட்ரி' என்ற அரசுத் திட்டம் நடந்தது. அதில் சூப்பர்வைசர்களுக்குப் பாடம் எடுக்க ஒரு முடிச்சைப் பயன்படுத்தினார்கள். மின்விளக்கு ஒயரில் போடும் முடிச்சு அது. ஒயரை இழுத்தாலும் இணைப்பு கழலாது. முதலில் வாயால் மட்டும் விளக்குவார்கள், எதிரில் இருப்பவருக்கு முடிச்சு வராது. பிறகு பேசாமல் செய்து மட்டும் காட்டுவார்கள், அப்போதும் வராது. அப்புறம்தான் முறையாகச் சொல்லித்தருவார்கள்: ஆளைத் தயார் செய்வது; படிப்படியாகச் செய்து காட்டி, கவனிக்க வேண்டிய இடத்தையும் அதன் காரணத்தையும் சொல்வது; அவரையே செய்யவைத்து, செய்துகொண்டே விளக்கச் சொல்வது; தனியாக விட்டுவிட்டு அடிக்கடி போய்ப் பார்ப்பது. இந்த மூன்றாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "புரிந்ததா?" "புரிந்தது சார்" என்று கதை முடிந்துவிடுகிறது. அவர் செய்துகொண்டே சொல்லும்போதுதான் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பது நமக்குப் பிடிபடும்.

"அவர்கூட நின்று பழகிக்கோ" என்று புதியவரை மூத்தவரிடம் ஒப்படைப்பது நல்ல வழிதான். ஆனால் நன்றாக வேலை செய்பவர் எல்லோருக்கும் சொல்லித்தர வராது. அவர் கை தானாக ஓடுகிறது, இடையில் உள்ள படிகள் அவருக்கே உறைப்பதில்லை. இந்த நான்கு படிகளை முதலில் அவருக்குப் பழக்குங்கள். அவருடைய அன்றாட இலக்கையும் குறைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் புதியவர் அவருக்குச் சுமையாகிவிடுவார்.

கோபமாகப் பேசும் வாடிக்கையாளரைச் சமாளிப்பது ஸ்லைடு பார்த்து வராது. பதிவான அழைப்பு ஒன்றைப் போட்டு, நடுவில் நிறுத்தி, "இப்போது நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். எல்லோருக்கும் பேச முறை வரும் அளவுக்குக் குழு சிறியதாக இருக்கட்டும்.

தீ, எந்திரத்தில் கை சிக்குவது போன்ற அரிதான ஆபத்துகளுக்கு ஒத்திகை வேண்டும், அதுவும் அடிக்கடி. அரிதாக வந்தாலும் ஆபத்தில்லாத வேலையைச் சொல்லித்தரவே வேண்டாம். அதற்கான படிகளை ஒரு தாளில் எழுதி, வேலை நடக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

விதிமுறைகளுக்கும் பொருள் விவரங்களுக்கும் ஆன்லைன் பாடம் போதும். ஆனால் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். கற்றது எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னை வைத்து அளந்து எழுதிவிட்டார். பாடத்தைச் சிறுசிறு துண்டாக்கி, சில நாள் இடைவெளி விட்டுக் கேள்வி கேளுங்கள். மறுபடி படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துப் பதில் சொல்வது நன்றாகப் பதியும்.

இன்னொன்று. 'இவர் பார்த்துக் கற்பவர், அவர் கேட்டுக் கற்பவர்' என்று ஆட்களைப் பிரித்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2008-ல் உளவியலாளர்கள் சிலர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றார்கள். வேலையின் தன்மையும், அந்த ஆளுக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதும்தான் கணக்கு.

பயிற்சியின் பலனை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் சொன்ன நான்கு கேள்விகள் இன்றும் உதவுகின்றன: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, நிறுவனத்துக்கு விளைவு தெரிகிறதா. வகுப்பு முடிவில் நிரப்பும் ஃபீட்பேக் தாள் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். மூன்றாவதற்குப் பதில் வேண்டுமென்றால் ஒரு மாதம் கழித்து வேலை இடத்துக்கே போய் நின்று பாருங்கள்.

தேதியைக் குறிக்கும் முன் சூப்பர்வைசரிடம் ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: வகுப்பு முடிந்த அதே வாரம் கற்றதைச் செய்ய இவர்களுக்கு வேலை இருக்கிறதா? புது மென்பொருளுக்கு லாகின் அடுத்த மாதம்தான் வரும் என்றால், வகுப்பையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.