மீன் வறுவலும் மாம்பழ சல்சாவும்: நீர் விடாமல் செய்தது

உவரிப் பக்கத்துப் பாரை மீன் அரைக் கிலோ, முக்கால் அங்குலத் துண்டுகள். வறுத்த மீன்மேல் மாம்பழ சல்சாவை (நறுக்கிய மாம்பழம், உள்ளி, மிளகாய் சேர்த்த பச்சைக் கலவை) போட்டதும் மொறுமொறுப்பு போய்விடும். காரணம் உப்பு, பழத்திலும் உள்ளியிலும் (வெங்காயம்) இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். கனிந்த பழத்தை விட்டு, லேசாக மட்டும் அமுங்கும் செங்காய்க்கு மாறினேன். ஒரு காய்க்குச் சின்ன உள்ளி 6, பச்சை மிளகாய் 1, மல்லித்தழை. உப்பும் அரை எலுமிச்சைச் சாறும் இலையில் வைக்கும்போதுதான். தக்காளி வேண்டவே வேண்டாம்.

மீன் தோசைக்கல்லில் ஒட்டியது ஈரத்தால். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு தடவி 15 நிமிடம் ஊறியதும் கசிந்த நீரைத் துணியால் ஒற்றணும். நல்லெண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் போட்டு 4 நிமிடம் தொடாமல் விட்டால் தானே கழன்று வரும். சல்சா தனிக் கிண்ணத்தில்.