திருச்சி - யாழ்ப்பாணம்: விமானத் தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம்

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். சிலர் பறக்கும் நேரத்தைச் சொல்வார்கள், சிலர் டிக்கெட்டில் இருப்பதை. உங்களுக்குத் தேவை இரண்டுமே இல்லை, வீட்டுக்கு வீடு எவ்வளவு நேரம் என்பதுதான். அதை நீங்களே கணக்குப் போடலாம், கால் மணி நேர வேலை.

முதலில் தூரம். கூகுள் மேப்பில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வரும். திருச்சிக்கு 10.77, 78.71. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு 9.79, 80.07. வடக்கு தெற்காக வித்தியாசம் 0.98 டிகிரி, டிகிரிக்கு 111 கி.மீ. வீதம் 109 கி.மீ. கிழக்கு மேற்காக 1.36 டிகிரி. ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் நம் பக்கத்தில் டிகிரிக்கு 109 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 148 வரும். இரண்டையும் தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 184 கி.மீ. பள்ளியில் படித்த அதே பிதாகரஸ்தான். சென்னை - லண்டன் மாதிரி நீண்ட தூரத்துக்கு இது சரிவராது, பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிடும் கிரேட் சர்க்கிள் மேப்பர் போன்ற தளங்களைப் பாருங்கள்.

அந்தக் கோட்டை வரைபடத்தில் இழுத்துப் பார்த்தால் அதிராம்பட்டினம் பக்கத்தில் கரையைத் தாண்டி பாக் நீரிணைக்குள் இறங்கும். விமானம் அப்படியே நேராகப் போகாது, எந்தத் திசையில் ஓடுபாதையைப் பயன்படுத்துகிறார்களோ அதற்கேற்ப ஒரு சுற்று கூடும்.

அப்புறம் நேரம். இந்தத் தடத்துக்கு வருவது ஏடிஆர் 72, இறக்கையில் காற்றாடி சுழலும் விமானம், மேலே ஏறியபின் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம். 184-ஐ 500-ஆல் வகுத்தால் 22 நிமிடம். இதோடு நிறுத்திவிடாதீர்கள். டிக்கெட்டில் போடும் நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக மேலேறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை மணி நேரம் கூட்டுங்கள். 52 நிமிடம் வரும். கொஞ்சம் தாமதத்துக்கும் இடம்விட்டு அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று போடுவார்கள்.

இதே கணக்கைச் சென்னை - யாழ்ப்பாணத்துக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட 356 கி.மீ., ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் நேரம் 43 கூட்டல் 30, ஒன்றேகால் மணியை ஒட்டித்தான். அந்த அரை மணி நேரம் குட்டிப் பயணத்துக்கும் அப்படியே இருக்கிறது. ஜெட் விமானம் வந்தால் சீக்கிரம் போய்விடலாம் என்பதும் திருச்சி - யாழ்ப்பாணத் தூரத்துக்குப் பொருந்தாது, முழு வேகத்தைத் தொடுவதற்குள்ளேயே இறங்க ஆரம்பிக்க வேண்டும். எதிர்க்காற்று மணிக்கு 50 கி.மீ. அடித்தாலும் இரண்டு மூன்று நிமிடம்தான் கூடும்.

இனி வீட்டுக்கு வீடு. தஞ்சாவூரிலிருந்து கிளம்புகிறீர்கள் என்றால் திருச்சி விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். தூரம் குறைவு என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம், பாஸ்போர்ட், குடிவரவு, சுங்கம் எல்லாம் உண்டு, அதனால் குறைந்தது இரண்டரை மணி நேரம் முன்னதாக உள்ளே இருங்கள். பறப்பு ஒரு மணி. பலாலியில் வெளியே வர முக்கால் மணி, அங்கிருந்து யாழ்ப்பாண நகரம் 15 கி.மீ.க்கு மேல், அதற்கு அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதல். மொத்தம் ஆறு மணி நேரம். கல்யாணமோ காரியமோ, அன்றைக்கே போய்ச் சேர்ந்து கலந்துகொள்ளலாம் என்று நினைக்காமல் முந்தின நாளே கிளம்புங்கள்.

இரண்டு பக்கமும் கடிகாரம் ஒன்றுதான், டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை அப்படியே கழிக்கலாம். உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பார்க்க, விமானங்களின் பயணத்தைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் விமான எண்ணைப் போட்டு கடந்த சில நாட்களின் பதிவைப் பாருங்கள், முக்கியமாக வடகிழக்குப் பருவமழை நேரத்தில்.