லெதர் சீட்டில் கறையா? தேய்ப்பதற்கு முன் ஒரு சொட்டுத் தண்ணீர்

லெதர் சீட்டில் காபி சிந்திவிட்டால் கை தானாக ஈரத்துணியைத் தேடும். தேடி எடுத்து அழுத்தித் தேய்க்கும். கறை செய்யும் சேதத்தைவிட அந்தத் தேய்ப்பு செய்யும் சேதம் பல நேரம் பெரிது.

இன்றைய கார்களில் வரும் லெதர் சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் நம் கை படுவது வெறும் தோலில் இல்லை. தோலின் மேல் ஒரு நிறப்பூச்சு, அதற்கும் மேல் நிறமற்ற பாலியூரிதேன் பூச்சு என்று இரண்டு அடுக்கு இருக்கும். இரண்டும் சேர்ந்தே பெரும்பாலும் ஒரு தாளின் கனம்கூட வராது. கறை இந்தப் பூச்சின் மேலேயே நின்றிருந்தால் சுலபமாக வந்துவிடும். பூச்சுக்குள் ஊறியிருந்தால் பாதி வரும். பூச்சையும் தாண்டித் தோலுக்குள் இறங்கியிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் வராது. பூச்சுதான் உரிந்து வரும். ஆகவே முதல் வேலை, கறை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது.

படி 1: சொட்டுத் தண்ணீர் சோதனை

சீட்டின் கீழ் விளிம்பு போன்ற கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். சொட்டு உருண்டையாக அப்படியே நின்றால் அது பூச்சுள்ள லெதர். இனி வரும் படிகள் எல்லாமே அதற்குத்தான். தண்ணீர் உள்ளே போய் அந்த இடம் கருத்தால் அது பூச்சில்லாத அனிலின் லெதர். அதில் எந்தத் திரவமும் ஊறும் என்பதால் அனிலினுக்கென்றே விற்கும் கிளீனரைத் தவிர வேறெந்தத் திரவமும் வேண்டாம். கையால் தடவும்போது இழைகள் சாய்ந்து நிறம் மாறித் தெரிகிறதா? அது ஸ்வேட் வகை. இந்த முறை அதற்குப் பொருந்தாது.

சீட்டின் பக்கவாட்டும் பின்புறமும் பல கார்களில் லெதரே இல்லை, லெதர்போலத் தெரியும் வினைல் பிளாஸ்டிக். அங்கும் சொட்டு நிற்கும். சுத்தம் செய்யும் முறை ஒன்றுதான். கடைசியில் தோல் வறளாமல் இருக்கப் பூசும் கண்டிஷனர் மட்டும் அதற்குத் தேவையில்லை.

இதே சோதனையை டிரைவர் சீட்டில், ஏறி இறங்கும்போது உராயும் வெளிப்பக்க மேட்டிலும் ஒரு முறை செய்யுங்கள். அங்கே தண்ணீர் ஊறினால் பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். அங்கே அழுக்குபோலத் தெரியும் திட்டு உண்மையில் நிறம் போன இடமாக இருக்கலாம். அதைத் தேய்க்கத் தேய்க்கத் திட்டு பெரிதாகும்.

படி 2: எடுத்து வைக்க வேண்டியவை

- வெளிர் நிற மைக்ரோஃபைபர் துணி 5. வெள்ளையாக இருந்தால் நல்லது. துணியில் ஏறும் நிறம்தான் நமக்கு வழிகாட்டி.
- மென்மையான நார் உள்ள லெதர் பிரஷ்.
- கார் லெதருக்கான நீர் கலந்த கிளீனர். அவசரத்துக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் மென்மையான, நிறமற்ற பாத்திரம் கழுவும் திரவம் போதும்.
- காது பட்ஸ் ஒரு டஜன், 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொஞ்சம். இது மைக் கறைக்கும் பூஞ்சைக்கும் மட்டும்.
- தூசி உறிஞ்ச வேக்கூம் கிளீனர், மென்பிரஷ் முனையோடு.

வண்டியை நிழலில் நிறுத்துங்கள், சீட் ஹீட்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள். சூடான சீட்டில் கிளீனர் துடைப்பதற்குள் காய்ந்து வெள்ளைத் தடம் விடும்.

படி 3: முதலில் உலர்ந்த சுத்தம்

தையல் ஓரங்களிலும் மடிப்புகளிலும் மணல் துகள் தங்கியிருக்கும். அதை எடுக்காமல் ஈரத்துணியை வைத்தால் உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். மடிப்பை விரலால் விரித்துப் பிடித்து வேக்கூம் செய்யுங்கள். இதில் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் நஷ்டமில்லை.

படி 4: பொதுவான கழுவல்

எந்தக் கறையாக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கறை என்று நினைத்ததில் பெரும்பங்கு உடல் எண்ணெயும் தூசியும் சேர்ந்த படலமாக இருந்து, இதிலேயே போய்விடுவது உண்டு.

கிளீனரை சீட்டின் மேல் அடிக்காதீர்கள். பிரஷ்ஷின் மேல் இரண்டு மூன்று முறை அடித்து, ஒரு சாண் அகல இடத்தில் வட்டமாகச் சுற்றுங்கள். பிரஷ்ஷின் எடை போதும், கை அழுத்தம் வேண்டாம். முதலில் நுரை வெள்ளையாக இருக்கும். அரை நிமிடத்தில் தோலின் நுண்கோடுகளுக்குள்ளிருந்து அழுக்கு ஏறி, டீத்தண்ணீர் நிறத்துக்கு வரும். அந்த நிமிடம்தான் துடைக்க வேண்டிய நேரம். விட்டால் அழுக்கு அதே கோடுகளுக்குள் திரும்பக் காய்ந்துவிடும். உலர்ந்த துணியால் ஒற்றித் துடையுங்கள், பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒரு முறை. அடுத்த இடத்துக்குத் துணியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

சிறு துளைகள் உள்ள சீட்டில் ஈரம் இன்னும் குறைவாக இருக்கட்டும். துளை வழியே இறங்கும் நீர் ஃபோமில் தங்கி வாடை தரும். அடியில் ஹீட்டர் கம்பியோ காற்று விசிறியோ இருக்கலாம். துளைகளுக்குள் கிளீனர் வெள்ளையாகக் காய்ந்து நின்றால் மர டூத்பிக் முனையால் எடுத்துவிடலாம்.

சுத்தமான லெதர் பளபளக்காது. மினுமினுப்பாக இருக்கும் சீட்டைப் பார்த்து நல்ல நிலையில் இருக்கிறது என்று நினைக்கிறோம். அந்த மினுமினுப்பு பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான். காய்ந்தபின் மங்கலாகத் தெரிந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

படி 5: மிச்சம் நிற்கும் கறைக்குத் தனி வைத்தியம்

*பால்பாயின்ட் பேனா மை.* புதிதாக இருக்கும்போதே பிடித்தால் மட்டுமே முழுதாக வரும். நாளாக ஆக மையின் சாயம் பூச்சுக்குள் இறங்கி, கோடு தடித்து ஓரம் மங்கும். அந்த நிலையில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

70 சதவீத ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, முதலில் மறைவான இடத்தில் சோதியுங்கள். பட்ஸை அதில் தொட்டு, விரலால் பிழிந்துவிட்டு, கோட்டின் மேல் உருட்டுங்கள். தேய்த்தால் மை பரவி நீலத் திட்டாகிவிடும். உருட்டினால் பஞ்சு மையை உறிஞ்சும். ஒவ்வொரு உருட்டலுக்கும் பஞ்சின் புதுப்பக்கம். பஞ்சு முழுதும் நீலமானதும் வேறு பட்ஸ். ஒரு விரல் நீளக் கோட்டுக்கு ஏழெட்டு பட்ஸ் ஆகலாம். பஞ்சில் சீட்டின் நிறம் ஏறினாலோ, இடம் பிசுபிசுத்தாலோ உடனே நிறுத்துங்கள். பூச்சு கரையத் தொடங்கிவிட்டது. முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், கதவுகளைத் திறந்து வைத்தே செய்யுங்கள்.

*ஜீன்ஸ் சாயம்.* வெளிர் நிற சீட்டில் தொடை படும் இடத்தில் நீலமாகப் படியும். படி 4-ஐ இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யுங்கள், ஒவ்வொரு முறைக்கும் இடையே சீட் முழுதும் காயட்டும். ஒரே மூச்சில் பலமாகத் தேய்ப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும். மாதக்கணக்கில் விட்ட சாயம் முழுதாக வராது.

*பால் கலந்த காபி, டீ.* பரப்பில் விழுந்தது பிரச்சினையில்லை, தையலுக்குள் போனதுதான் பிரச்சினை. உலர்ந்த துணியால் உடனே ஒற்றி எடுங்கள். தையலை விரித்து, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியின் நுனியால் துடைத்து, உலர்ந்த நுனியால் திரும்ப ஒற்றுங்கள். பால் உள்ளே தங்கினால் இரண்டு நாளில் வாடை வரும்.

*எண்ணெய்.* பூச்சுள்ள பரப்பில் துடைத்துவிட்டு வழக்கமான கழுவல் போதும். சோள மாவு தூவுவது எண்ணெய் ஊறிய தையலுக்கும் அனிலின் லெதருக்கும்தான் உதவும். இரவு முழுதும் விட்டு, காலையில் வேக்கூம் செய்யுங்கள்.

*சூயிங் கம்.* ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே வையுங்கள், இறுகியதும் விரலால் பெயர்த்தெடுங்கள். கத்தி வேண்டாம்.

*பூஞ்சை.* வெண்சாம்பல் நிறத்தில் பொடிபோலப் பூத்திருந்தால் முகக்கவசம் அணிந்து, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்திக் கதவுகள் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் பொடி பறந்து வேறிடத்தில் உட்காரும். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பிறகு கழுவல், அதன்பின் மேலே சொன்ன ஆல்கஹால் கலவையால் ஒரு லேசான துடைப்பு. காலடி விரிப்புக்கு அடியில் ஈரம் இருக்கிறதா, ஏசி நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் நிற்கும்வரை பூஞ்சை திரும்ப வரும்.

தொடவே கூடாதவை

இணையத்தில் சுற்றும் வீட்டுக் குறிப்புகளில் பல சீட்டுக்கு எமன். மெலமைன் ஸ்பாஞ்சும் பற்பசையும் கறையைக் கரைப்பதில்லை, பூச்சோடு சேர்த்து அராவி எடுக்கின்றன. அதனால்தான் முதல் தடவை அற்புதமாகத் தெரியும். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் பூச்சைக் கரைத்துவிடும். ஹேர் ஸ்ப்ரேயில் பிசின் உண்டு, ஒட்டிக்கொள்ளும். சமையல் சோடா காரத்தன்மை உடையது, பதப்படுத்திய தோலோ சற்று அமிலத்தன்மை உடையது, இரண்டும் ஒத்துப்போகாது. தேங்காயெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் பிசுக்காகத் தங்கித் தூசியை இழுத்து, நாளடைவில் சிக்கு வாடை வீசும்.

படி 6: காயவிட்டு, பாதுகாப்பு

நிழலில், கதவைத் திறந்து வைத்து ஒரு மணி நேரமாவது காயட்டும். ஹேர் டிரையர் வேண்டாம், சூட்டில் தோல் சுருங்கும். பிறகு சுண்டுவிரல் நகம் அளவு கண்டிஷனரைத் துணியில் எடுத்து ஒரு பகுதிக்குத் தடவி, பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பூச்சுள்ள லெதருக்குள் கண்டிஷனர் அதிகம் இறங்காது. கூடுதலாகப் பூசினால் மேலே பிசுபிசுப்பாகத் தங்கும். வெளிர் நிற சீட்டாக இருந்தால் கண்டிஷனரைவிட லெதர் சீலன்ட் வாங்குவது புத்திசாலித்தனம். ஜீன்ஸ் சாயம் முதலில் அதன் மேல்தான் படியும், அடுத்த கழுவலில் வந்துவிடும். உராய்வில் சீலன்ட் தேயும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் பூசுங்கள். டிரைவர் சீட்டுக்கு இன்னும் கொஞ்சம் முன்னதாகவே.

எல்லாம் செய்தும் திட்டு தெரிகிறது, அங்கே தண்ணீரும் ஊறுகிறது என்றால் கிளீனரை மூடி வைத்துவிடுங்கள். அந்த இடத்துக்குத் தேவை நிறப்பூச்சு. லெதர் பழுதுபார்ப்பவர் சீட்டின் நிறத்துக்கு ஏற்பக் கலந்து, அந்தப் பகுதிக்கு மட்டும் பூசி மேல்பூச்சும் போட்டுத் தருவார்.