சென்னை வீட்டுக்குள் ஆமைக்கு ஒரு மண்தரை: முதல்முறை அமைப்பவர்களுக்கான செய்முறை

சித்தப்பா வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது தன் செங்கால் ஆமையை எங்கள் குரோம்பேட்டை வீட்டில் விட்டுப் போனார். அப்போது அது உள்ளங்கைக்குள் அடங்கும். பெயர் பணியாரம். அது இருந்த கண்ணாடி மீன்தொட்டியும் கூடவே வந்தது. மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், அடியில் கூழாங்கல், ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் செடி. நானும் யோசிக்காமல் அதே தொட்டியை ஏசி அறையில் வைத்து ஒரு வருடம் வளர்த்தேன்.

நாள் முழுக்க அது கண்ணாடியை முட்டிக்கொண்டே நடக்கும். கண்ணாடி என்பது சுவர் என்று ஆமைக்குப் புரியாது. வருடக் கடைசியில் ஓட்டின் கட்டங்கள் ஒவ்வொன்றும் சின்னச் சின்னக் கூம்பாக மேலே எழும்பியிருந்தன. மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு, "ரொம்பக் காய்ஞ்ச இடத்துல இருந்திருக்கு" என்றார். வளரும் வயதில் ஈரம் போதாமல் போவதுதான் இப்படி ஓடு மேடாவதற்கு முக்கியமான காரணம். மேடானது மறுபடி சமமாகாது. இனிமேல் வளரும் பகுதியை மட்டும்தான் காப்பாற்ற முடியும். அன்றைக்கே தொட்டியை ஒழித்துவிட்டு மண்தரை போடுவது என்று முடிவு செய்தேன்.

செங்கால் ஆமை தென் அமெரிக்காவின் ஈரமான காடுகளிலும் புல்வெளி ஓரங்களிலும் வாழ்வது. குளிர்நாட்டில் வளர்ப்பவர்கள் அதற்குச் சூடும் ஈரமும் கொடுக்க நிறையச் செலவழிக்கிறார்கள். சென்னையில் அவை இரண்டும் காற்றிலேயே இருக்கின்றன. நாம் செய்ய வேண்டியது, அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஆழமான மண்ணும், வீட்டுக்குள் கிடைக்காத வெயிலுக்கு ஈடான விளக்கும் அமைப்பதுதான்.

முதலில் சட்டம்

நம் ஊர் நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், மிகக் கடுமையான பட்டியலான முதல் பின்னிணைப்புக்கும் 2019-இல் அது போய்விட்டது. யாராவது 'அதிர்ஷ்டம்' என்று சொல்லிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செங்கால் ஆமை அயல்நாட்டு இனம். சைட்டிஸ் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பதிவு இல்லாத ஆமையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சல்கேட்டா என்று விற்கப்படும் ஆப்பிரிக்க ஆமைக்குட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டக்கூடிய இனம் அது. அடுக்குமாடி வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். செங்கால் ஆமை பொதுவாக ஓர் அடி நீளத்தோடு நின்றுவிடும்.

பெட்டி: இரண்டே பிளைவுட் பலகை

வளர்ந்த ஒரு செங்கால் ஆமைக்குக் குறைந்தது எட்டடிக்கு நாலடி இடம் வேண்டும். கடையில் கிடைக்கும் முழுப் பிளைவுட் பலகையின் அளவும் சரியாக அதுவே. ஒரு பலகையை வெட்டாமல் அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பலகையை நீளவாக்கில் மூன்றாக அறுத்தால் 16 அங்குல அகலத்தில் மூன்று துண்டுகள் வரும். இரண்டு துண்டுகள் நீளப்பக்கச் சுவர்கள். மூன்றாவதைப் பாதியாக வெட்டினால் அகலப்பக்கச் சுவர்கள் இரண்டு. மிச்சம் எதுவும் விழாது. 18 எம்எம் தடிமன், ஐஎஸ் 710 முத்திரை உள்ள நீர்தாங்கும் பலகையாகக் கேளுங்கள். சாதா பிளைவுட் ஆறு மாதத்தில் உப்பிவிடும்.

தச்சரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். நான்கு மூலைகளிலும் மேலே உள்பக்கமாக முக்கோணத் துண்டு அடிக்க வேண்டும். ஆமை மூலையில்தான் ஏறும். பெட்டி தரையில் நேரடியாக உட்காராமல் செங்கல்மேல் நிற்க வேண்டும். அடியில் காற்று போக இடைவெளி இருந்தால்தான் கரையான் வந்தால் தெரியும். ஈர மண்ணின் எடை அதிகம் என்பதால் இரண்டடிக்கு ஒரு செங்கல் வரும்படி வரிசையாக அடுக்குங்கள்.

உள்ளே வார்னிஷ், பெயிண்ட் எதுவும் வேண்டாம். கனமான தார்ப்பாயை ஒட்டுப்போடாமல் ஒரே விரிப்பாகப் போட்டு, சுவரில் எட்டு அங்குலம் வரை ஏற்றி, மேல் விளிம்பில் மரச்சட்டம் வைத்து ஆணி அடியுங்கள். ஓட்டை விழுவது மேலே மட்டும் இருக்கட்டும்.

மண்: இங்கே அவசரப்படாதீர்கள்

மொத்த வேலையிலும் முக்கியமான இடம் இதுதான். நான் பாதி நாள் செலவழித்ததும் இதற்குத்தான்.

நான்கு அங்குல ஆழத்துக்கு ஏறத்தாழ 300 லிட்டர் கலவை தேவை. ஐந்து கிலோ தேங்காய்நார்த் தூள் கட்டி ஒன்று ஊறினால் 65 முதல் 75 லிட்டர் வரை வரும். இரண்டு கட்டி வாங்கினால் பாதி ஆயிற்று. மீதிப் பாதி உரம் கலக்காத செம்மண். நர்சரியில் "வெறும் செம்மண்" என்று அழுத்திச் சொல்லி வாங்குங்கள். கலவை மண்ணில் ரசாயன உரமும், வெள்ளை உருண்டையாக பெர்லைட்டும் இருக்கும். ஆமை அதைத் தின்றுவிடும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பும் ஆகாது, வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளவும் செய்யும். நார்த்தூளிலும் உப்பு இருக்கும் என்பதால் ஊறவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, இன்னொரு முறை அலசிப் பிழிந்து போடுங்கள்.

கலந்த பிறகு பதம் பார்க்க வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறுவோமே, அதே பதம்தான். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். பிடிக்கும்போது தண்ணீர் ஒழுகினால் அதிகம்.

இதற்கு மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சருகு. சென்னைத் தெருக்களில் நாட்டு வாதாம் மரத்துக்குப் பஞ்சமே இல்லை. அதன் அகன்ற காய்ந்த இலைகளைப் பொறுக்கி, புழுதி போகக் கழுவி, மொட்டைமாடியில் இரண்டு நாள் காய வையுங்கள். சருகுக்குள் நுழைந்து தூங்குவது செங்கால் ஆமைக்கு மிகவும் பிடித்தது.

அடுத்து, மண்ணுக்கு உயிர் கொடுக்க வேண்டும். பூந்தொட்டியை நகர்த்தினால் அடியில் சாம்பல் நிறத்தில் நிறையக் கால்களோடு சின்னப் பூச்சிகள் ஓடும், சில தொட்டதும் உருண்டுகொள்ளும், பார்த்திருப்பீர்கள். மருந்தடிக்காத தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி அவற்றையும் பத்திருபது மண்புழுக்களையும் எடுத்து விடுங்கள். கழிவு, வாடிய கீரை, பூசணம் எல்லாவற்றையும் அவை தின்று மண்ணாக்கும். என் பெட்டியில் நாற்றம் வராததற்கு இவைதான் காரணம்.

தண்ணீரை மேலே தெளிக்காமல் வாரம் ஒருமுறை நான்கு மூலைகளிலும் ஊற்றுங்கள். அடிமண் ஈரமாகவும் மேல்மண் உலர்ந்தும் இருக்க வேண்டும். எப்போதும் நனைந்த மண்மேல் உட்கார்ந்தால் அடி ஓடு அழுகத் தொடங்கும்.

செடியும் ஒளிந்துகொள்ளும் இடமும்

மணிபிளாண்ட் அழகாகப் படரும், ஆனால் தின்றால் வாயும் தொண்டையும் புண்ணாகும். டிஃபன்பாக்கியாவும் அப்படியே. அரளி உயிரையே எடுத்துவிடும். ஸ்பைடர் பிளாண்ட், பாஸ்டன் பெரணி, செம்பருத்தி ஆகிய மூன்றும் போதும். நேரடியாக நடாமல் தொட்டியோடு மண்ணில் புதையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு தொட்டி வைத்திருந்தால், ஒரு வாரம் பெட்டியில், மறு வாரம் பால்கனி வெயிலில் என்று மாற்றலாம். செம்பருத்தி இலையைத் தின்று தீர்த்தால் கவலைப்படாதீர்கள், அது ஆமைக்கு நல்ல உணவு.

ஒளிந்துகொள்ள, அகலமான மண்பானையைப் பாதியாக உடைத்து, முனைகளைத் தேய்த்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். நான் கொசப்பேட்டையில் விரிசல் விட்ட பானை ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். இரண்டு ஒளிவிடம் வேண்டும். ஒன்று விளக்குப் பக்கம், இன்னொன்று எதிர்மூலை. அப்போதுதான் சூடா குளிர்ச்சியா என்று ஆமையே முடிவு செய்துகொள்ளும்.

விளக்கு

ஜன்னல் வழியாக வரும் வெயில் போதுமே என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அதைத் தோல் தயாரிக்க, வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதனால் டி5 வகை யுவிபி குழல்விளக்கு வாங்குங்கள். இந்த ஆமைக்கு யுவிபி 5 அல்லது 6 சதவீதம் என்று போட்டிருப்பது சரியாக இருக்கும். கொளத்தூர் மீன் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். ஆமையின் ஓட்டுக்கும் விளக்குக்கும் நடுவே அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் தூரத்தை விடுங்கள். இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ கூடாது. டைமர் பிளக்கில் மாட்டி 12 மணி நேரம் எரிய விடுங்கள். வருடம் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், வெளிச்சம் குறையாவிட்டாலும் யுவிபி குறைந்துவிடும்.

சூட்டு பல்பு இங்கே பெரும்பாலும் தேவைப்படாது. மார்கழி, தை மாதக் காலைகளில் மட்டும் ஒரு ஓரத்தில் 40 வாட் குண்டு பல்பை மூன்று மணி நேரம் போடுகிறேன். அதற்குக் கீழே 32 டிகிரி இருந்தால் சரி. நம் கவலை சித்திரை, வைகாசிதான். பெட்டிக்குள் 35 டிகிரியைத் தாண்டவே கூடாது. ஈரச் சாக்கைப் பானைமேல் போர்த்தி, மின்விசிறியை அறைக்குள் ஓட விடுங்கள். ஏசிக் காற்று நேராகப் படும் இடத்தில் பெட்டி இருக்கக் கூடாது. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி ஒன்றை ஆமையின் உயரத்தில் பொருத்துங்கள். ஈரப்பதம் 70-க்கும் 80-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி.

தண்ணீரும் சாப்பாடும்

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் பெரிய மண்தட்டு நல்ல குளியல் தொட்டி. விளிம்பு மண்மட்டத்துக்கு வரும்படி புதைத்து, ஆமையின் தாடை வரை மட்டும் தண்ணீர் விடுங்கள். அதிலேயே கழிவும் போகும், அதனால் தினமும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும். சமையலறைத் தொட்டியில் அதைக் கழுவாதீர்கள். ஆமையிடம் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் கண்டிப்பு தேவை.

முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, பூ, மல்பெரி இலை, சப்பாத்திக்கள்ளியின் முள் நீக்கிய மடல், வாரத்தில் இரண்டு நாள் பப்பாளியோ மாம்பழமோ. பாலக்கீரை எப்போதாவது. கால்சியத்துக்குத் தனிப் பொடி தேடி அலைய வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேளுங்கள், கணவாய் ஓடு கொடுப்பார்கள். ஒரு துண்டை மண்ணில் போட்டு வைத்தால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

அந்த அறையில் கொசுவத்தி, எறும்புச் சாக்பீஸ், ஃபினாயில் மூன்றும் கூடாது. மண்ணில் விட்ட பூச்சிகளும் சாகும், ஆமைக்கும் கெடுதல். ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள்.

குடிபுகும் நாள்

மண்ணும் செடியும் தயாரான பிறகு மூன்று வாரம் வெறும் பெட்டியாக விளக்கை எரிய விட்டுக் கருவியைக் கவனியுங்கள். அளவுகள் நிலையாக நின்ற பிறகு ஆமையை விடுங்கள். பணியாரம் முதல் நாள் நேராகச் சருகுக்குள் போய்விட்டது. ஐந்து நாள் தலையே தெரியவில்லை. அம்மா பயந்துபோய் எடுத்துப் பார்க்கச் சொன்னார். எடுக்காதீர்கள். தினமும் காலையில் அதே நேரத்தில், அதே இடத்தில் கீரையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஆறாம் நாள் காலை நான் தண்ணீர் மாற்றப் போனபோது கீரை பாதி குறைந்திருந்தது, சருகு லேசாக அசைந்துகொண்டிருந்தது.