அரியமான் மணலிலிருந்து நிலவுகளையும் வால்மீன்களையும் பின்தொடர்வது எப்படி?

கோளின் நிலவாயினும் வால்மீனாயினும் ஒரே பார்வையில் தன்னை இன்னதென்று சொல்லிக்கொள்வதில்லை. அது இடம் மாறியதை நாம் குறித்து வைத்திருந்தால்தான் பிடிபடும். ஆகவே தொலைநோக்கிக்கு முன்னதாக நோட்டையும் பென்சிலையும் எடுத்து வையுங்கள்.

தனுஷ்கோடி நல்ல இருட்டுதான் என்றாலும் பொழுது சாய்ந்தபின் அங்கே தங்க விடமாட்டார்கள். இராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையின் சவுக்குத் தோப்பு ஓரமே எனக்குப் பிடித்த இடம். கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் சவுக்குகள் தொலைநோக்கிக் குழலை அதிகம் ஆடவிடுவதில்லை. முக்காலியின் கால்கள் மணலில் மெல்ல இறங்கும் என்பதால் ஒவ்வொன்றின் கீழும் ஒரு பனஞ்சட்டத் துண்டை வையுங்கள். உப்புக்காற்றால் வில்லையில் படியும் பிசுபிசுப்பைத் தோள்துண்டால் துடைக்கக் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் பொடிமணல் கண்ணாடியைக் கீறிவிடும். என் முதல் தொலைநோக்கியில் அந்தக் கீறல்கள் இன்றும் இருக்கின்றன.

பழகுவதற்கு வியாழனே ஏற்றது. முகப்பு வில்லை 70 மி.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியில் 50 மடங்கு உருப்பெருக்கம் வைத்தால் நான்கு நிலவுகளும் ஏறத்தாழ ஒரே கோட்டில் தெரியும். கலிலியோ 1610 ஜனவரி 7 அன்று மூன்றையே கண்டார். நான்காவது 13ஆம் தேதிதான் அவர் குறிப்பில் ஏறியது. நோட்டில் ஒரு கோடு வரைந்து, நடுவில் வியாழனை வைத்து, ஒவ்வொரு புள்ளியும் வியாழனின் எத்தனை விட்டத் தொலைவில் நிற்கிறது என்று நேரத்துடன் குறியுங்கள். அயோ மூன்று விட்டத்தைத் தாண்டாது, சுமார் 42 மணி நேரத்தில் சுற்றி முடிக்கும். கலிஸ்டோ 13 விட்டம் வரை விலகும், அதற்கு ஏறக்குறைய 17 நாள் வேண்டும். இரண்டு வாரம் விடாமல் குறித்தால், எந்தப் புள்ளி எந்த நிலவு என்பதை அட்டவணை பார்க்காமலே சொல்லிவிடலாம். 2025இல் அங்கீகாரம் பெற்ற சனியின் 128 புதிய நிலவுகளையும் பெரிய தொலைநோக்கிகளின் படங்களில் இதே நகர்வை வைத்துத்தான் கண்டெடுத்தார்கள்.

வால்மீனுக்குக் குறைந்த உருப்பெருக்கமும் 150 மி.மீ. அளவு அகன்ற குழல்வாயும் நல்லது. அந்தி முடிந்ததும் மேற்கிலும், விடியலுக்கு முன் கிழக்கிலும், அடிவானத்துக்கு இணையாக வரிவரியாகத் துழாவுங்கள். மங்கலான திட்டு ஏதேனும் தென்பட்டால் நேராகப் பார்க்காமல் சற்றே ஓரக்கண்ணால் பாருங்கள். குழலை விரலால் லேசாகத் தட்டினால் ஆடும் திட்டு கண்ணில் எளிதில் படும். பக்கத்து விண்மீன்களோடு அதைப் படமாக வரைந்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் வரையுங்கள்.

வால்மீன் என்று ஏமாற்றும் திட்டுகளைத்தான் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியே (Messier) பாரிசில் பட்டியலிட்டார். 9 பாகை அட்சரேகையில் இருக்கும் நமக்கு அது மட்டும் போதாது. ஒரு ஏப்ரல் நள்ளிரவில் மண்டபத்தின் தென்கரையில், மன்னார் வளைகுடாவுக்கு மேலே 33 பாகை உயரத்தில் ஒரு பஞ்சுருண்டையைக் கண்டு பூரித்து, இரண்டு இரவு வரைந்தேன். அது இம்மியும் நகரவில்லை. அது ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து. பாரிசில் அது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை.

திட்டு உண்மையிலேயே நகர்ந்திருந்தால், முதலில், சிறுகோள்களோடு வால்மீன்களின் இடங்களையும் திரட்டிவைக்கும் சிறுகோள் மையத்தின் (Minor Planet Center) இணையப் பட்டியலில் அறியப்பட்ட வால்மீன்களோடு ஒப்பிடுங்கள். எதனோடும் பொருந்தவில்லையெனில், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து உலகப் பொது நேரத்தை எழுதி, இரண்டு இடங்களையும் நகர்ந்த திசையையும் சேர்த்து அனுப்புங்கள்.