கையைக் குறை சொல்வதற்கு முன்: வீட்டில் சுருட்டு சுற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் முதன்முதலாகச் சுருட்டு சுற்றிப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் மனம் தளர்கிறார்கள். பார்வைக்கு ஒழுங்காக அமைந்த சுருட்டைப் பற்றவைத்து இழுத்தால் புகை வருவதில்லை; வந்தாலும் ஒரு பக்கம் வேகமாக எரிந்து மறுபக்கம் அப்படியே நிற்கிறது; இல்லாவிட்டால் பாதியில் அணைந்துவிடுகிறது. கை இன்னும் பழகவில்லை என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். கைப்பழக்கம் வேண்டியதுதான், ஆனால் அது ஐம்பது சுருட்டுக்குள் தானாக வந்துவிடும். நான் பார்த்த தோல்விகளில் முக்காலும் இலையின் பதம் தெரியாமல் வந்தவை. எந்த இலைக்கு எவ்வளவு ஈரம், அந்த ஈரம் எப்போது போக வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டவருக்கு மற்றப் பிழைகளின் காரணமும் எளிதில் பிடிபடும்.

சுருட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. நடுவில் திணிக்கப்படுவது உள்ளிலை. அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்வது கட்டிலை. கண்ணுக்குத் தெரியும்படி வெளியே போர்த்தப்படுவது மேலிலை. கியூபாவில் வளர்ந்த முறையும், அதைப் பின்பற்றி டொமினிக்கன் குடியரசு, நிகராகுவா, ஹோண்டுராஸ் நாடுகளில் நடக்கும் தொழிலும் இந்த மூன்றடுக்கு முறைதான். வீட்டில் சுற்றுபவர்களும் பெரும்பாலும் அதையே கற்கிறார்கள்.

முதல் தவறு இலையை வாங்கும்போதே நடந்துவிடுகிறது. புகையிலை எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணி, சிகரெட்டுக்கான வர்ஜீனியா இலையையோ கடையில் கிடைக்கும் மெல்லும் புகையிலையையோ எடுத்துச் சுற்றிப் பார்க்கிறார்கள். சூளையில் சூடேற்றி உலர்த்தப்படும் வர்ஜீனியா இலையில் சர்க்கரை மிகுதி. அதன் புகை தடித்த சுருட்டில் நாக்கைக் கடிக்கும். சுருட்டுக்குரிய இலை கொட்டகையில் காற்றாட வாரக்கணக்கில் தொங்கி உலர்வது. அதில் சர்க்கரை ஏறத்தாழ மிஞ்சுவதில்லை. மெல்லும் புகையிலையிலோ வெல்லப்பாகும் மணப்பொருள்களும் சேர்ந்திருக்கக்கூடும். அவை எரிப்பதற்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல.

உலர்ந்த பிறகும் இலை தயாராகிவிடுவதில்லை. அதைப் பெருங்குவியலாக அடுக்கிப் புளிக்க வைப்பார்கள். உள்ளே வெப்பம் ஏறும்போது குவியலைப் பிரித்து, உள்ளிருந்ததை வெளியிலும் வெளியிருந்ததை உள்ளிலுமாக மாற்றி அடுக்குவார்கள். இந்தப் புளிப்பில்தான் அமோனியா வெளியேறிக் காரம் தணிகிறது. தோட்டத்தில் பத்துச் செடி வளர்த்த ஆர்வலர் ஒரு கிலோ இலையைப் பெட்டியில் போட்டுப் புளிக்கக் காத்திருப்பது வீண்முயற்சி, ஏனெனில் அவ்வளவு சிறிய குவியலால் தன் வெப்பத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. வெப்பம் கசியாத பெட்டி ஒன்றில் சுமார் 50 டிகிரி செல்சியசும் போதிய ஈரப்பதமும் வாரக்கணக்கில் நிலைக்கச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வசதி இல்லாதவர் புளித்து முடிந்த இலையை வாங்குவதே நல்லது. முகர்ந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறினால் அந்த இலை இன்னும் ஆறவில்லை என்று பொருள்.

இனிப் பதத்துக்கு வருவோம். உலர்ந்த இலை பொரித்த அப்பளம்போல நொறுங்கும். ஆகவே ஈரமூட்டாமல் தொடவே முடியாது. இங்கே நேரும் பெரும்பிழை, மூன்று வகை இலையையும் ஒரே பையில் போட்டு ஒரே அளவு நீர் தெளித்துவிடுவது. மேலிலை நன்றாக இழுபட வேண்டும். ஈரத்துணியில் சுற்றிவைத்த வெற்றிலைபோல, மடித்தாலும் மடிப்புத் தெறிக்காமல், கசக்கினாலும் ஓசை எழாமல் இருக்க வேண்டும். கட்டிலைக்கு அதைவிடச் சற்றுக் குறைந்த ஈரம் போதும். உள்ளிலையோ, கையில் அழுத்தினால் மெல்லிய சரசரப்புக் கேட்க வேண்டும், ஆனால் உதிரக்கூடாது. உள்ளிலை ஈரமாக இருந்தால் அப்போது மெத்தென்று அடங்கி நிறைய இடம் இருப்பதுபோலத் தோன்றும். நீங்களும் இன்னும் இரண்டு இலையைச் சேர்ப்பீர்கள். அந்த நெருக்கத்தில் ஒட்டிக்கொண்ட இலைகள் பிறகு விலகுவதில்லை, புகை போகவும் வழியில்லை. ஈரம் நடுவில் சிக்கிக்கொள்வதால் சுருட்டு அணைந்து அணைந்து எரியும், பூஞ்சையும் பிடிக்கும். பற்றாததற்குக் கைதான் காரணம் என்று நினைத்திருந்தவர், முந்தைய மாலையே உள்ளிலையைத் திறந்துவைத்து ஆறவிட்டுச் சுற்றிப் பார்த்தால் வேறுபாட்டை உடனே உணர்வார்.

நீரைக் கொட்டுவதும் அவசரமாக ஈரமூட்டுவதும் தவறு. சுத்தமான நீரைப் பனிபோலத் தெளித்து, மூடிய பையில் ஓர் இரவு வைத்தால் ஈரம் இலை முழுவதும் சமமாகப் பரவும். தெளித்த அரை மணியில் சுற்றத் தொடங்கினால், மேற்பரப்பு நனைந்தும் நரம்பு காய்ந்தும் இருக்கும். இழுத்துச் சுற்றும்போது நரம்போரமாகக் கிழியும்.

ஈர இலையை வெறுங்கையால் மணிக்கணக்கில் கையாள்வதையும் தவிர்க்க வேண்டும். நிகோடின் தோல் வழியே உடலில் ஏறும். நனைந்த பச்சை இலையைப் பறிக்கும் வயல் தொழிலாளர்களுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வருவது இதனால்தான். கையுறை அணியுங்கள், குழந்தைகள் இருக்கும் இடத்தில் இலையை விரித்து வைக்காதீர்கள். கையால் சுற்றியது, வேதிப்பொருள் சேராதது என்பதால் இதில் கெடுதல் குறைவு என்று எண்ணுவது உண்மைக்கு மாறானது. புகையை உள்ளிழுக்காதவருக்கும் சுருட்டு வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தரக்கூடியது. இதைத் தெரிந்துகொண்டுதான் இந்தக் கைவேலையில் இறங்க வேண்டும். புகைக்காதவர் இதற்காகப் புகைக்கத் தொடங்கவும் கூடாது.

கலவையில் நேரும் பிழைகள் வேறு வகை. ஒரே செடியில் இலை இருக்கும் உயரத்தைப் பொறுத்து அதன் குணம் மாறும். உச்சியில் வெயில் முழுவதையும் வாங்கிய இலை லிகேரோ. தடித்து, எண்ணெய்ப் பிசுக்கோடு, காரம் மிகுந்து, மெதுவாக எரியும். நடுவிலுள்ளது செக்கோ, மணம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. அடியிலுள்ள வோலாடோ மெல்லியது, சுவை குறைந்தது, ஆனால் நெருப்பை அணையாமல் கொண்டு செல்வது அதுதான். காரம் வேண்டும் என்ற ஆசையில் லிகேரோவைப் பாதிக்குப் பாதி சேர்ப்பவர்கள், எரியாத சுருட்டைத்தான் பெறுகிறார்கள். தொடக்கத்தில் உள்ளிலையின் எடையில் கால் பங்குக்கு மேல் லிகேரோ போகாமல் பார்த்துக்கொள்வது நலம். அதையும் சரியாக நடுவில் வைத்து, மற்ற இலைகளால் சூழ வேண்டும். ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் மட்டும் எரியாமல் நிற்கும். மெல்லிய சுருட்டில் இதற்கு இடம் இன்னும் குறைவு. சுருட்டின் பருமனைக் குறிக்கும் ரிங் அளவு, அங்குலத்தின் 64இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டது. 50 ரிங் என்றால் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். அந்தப் பருமனில் நடுவே தங்கும் ஒரு தடித்த இலை, 38 ரிங்கில் ஓரத்தையே தொட்டுவிடும்.

ஐந்தாறு வகை இலைகளை வாங்கியதும் எல்லாவற்றையும் ஒரே சுருட்டில் சேர்த்துப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. அப்படிச் செய்தால் எந்தச் சுவை எந்த இலையிலிருந்து வந்தது என்று ஒருபோதும் தெரியாது. ஒவ்வோர் இலையையும் தனித்துச் சிறிய சுருட்டாகச் சுற்றி அதன் எரிவையும் மணத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டிரண்டாகச் சேருங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கிராம் காட்டும் சிறு தராசும் குறிப்பேடும் இல்லாமல் கலவை செய்வது, அளவு சொல்லாமல் மருந்து கட்டுவதைப் போன்றது. நன்றாக வந்ததை மறுபடி செய்ய முடியாது.

உள்ளிலையைச் சேர்த்துப் பிடிக்கும் முறையில்தான் இழுவை, அதாவது புகை தடையின்றி இழுபடும் தன்மை, அமைகிறது. இலைகளைப் புத்தகம்போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மடிப்பது எளிது, ஆனால் ஒரு பக்கம் நெருங்கிவிடும். விசிறி மடிப்பாகச் சேர்ப்பது அதைவிட மேல். ஒவ்வோர் இலையையும் தனித்தனிக் குழலாகச் சுருட்டிச் சேர்க்கும் எந்துபாதோ முறையில் புகைக்கு வழி நன்றாகக் கிடைக்கும், நேரம் மட்டும் கூடுதலாக ஆகும். எந்த முறையானாலும், உள்ளிலையைக் கயிறு திரிப்பதுபோல முறுக்காதீர்கள். இழுபடாத சுருட்டைப் பிரித்தால் பலமுறை இந்த முறுக்குத்தான் அகப்படும். தடித்த நடுநரம்பை விட்டுவைப்பதும் தவறு. அது எரியாமல் கரித்துண்டாக நிற்கும், மேலிலையைக் குத்திக் கிழிக்கும். உள்ளிலையில் நரம்பின் அடிப்பகுதி மூன்றில் இரண்டு பங்கையாவது உரித்தெடுங்கள். கட்டிலையிலும் மேலிலையிலும் முழு நரம்பும் போக வேண்டும்.

கட்டிலை சுற்றியதும் பலர் நேரே மேலிலைக்குத் தாவுகிறார்கள். இங்கே நிற்க வேண்டும். விரல்களால் நெடுக உருட்டிப் பார்த்தால் கெட்டியான முடிச்சும் தொய்வான பள்ளமும் தெரியும். பற்றவைக்காமலே வாயில் வைத்து இழுத்தால் இழுவையும் தெரியும். பிழையைத் திருத்த இதுவே கடைசி வாய்ப்பு. பிறகு சுருட்டு வடிவக் குழிகள் கொண்ட இருபாதி அச்சில் வைத்து அழுத்தி, அரை மணிக்கு ஒருமுறை சற்றுத் திருப்பி வையுங்கள். திருப்பாவிட்டால் அச்சின் இணைப்புக் கோடு சுருட்டின்மேல் வரம்பாகப் படிந்துவிடும்.

மேலிலையில் நான் வலியுறுத்துவது திசையை. நடுநரம்பை நீக்கியதும் இலை இடப்பாதி, வலப்பாதி என்று பிரியும். இரண்டையும் ஒரே திசையில் சுற்றினால் ஒன்றில் நரம்புகள் சுருட்டின் நீளவாக்கில் படியும், மற்றதில் குறுக்கே புடைத்து நிற்கும். ஆகவே ஒன்றுக்கு ஒன்று எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். நரம்பு புடைத்த பக்கம் உள்ளேயும் வழவழப்பான பக்கம் வெளியேயும் அமைய வேண்டும். இலையின் நுனி, சுருட்டைப் பற்றவைக்கும் முனையில் தொடங்க வேண்டும். மிகவும் இறுக்கி இழுத்துச் சுற்றினால் அப்போது அழகாக இருக்கும். ஈரம் வற்றியதும் வெடிக்கும். ஒட்டுவதற்குப் பழச்சாற்றைக் கெட்டியாக்கப் பயன்படும் பெக்டினோ சுவையற்ற பிசினோ ஒரு துளி போதும். மைதாப் பசை பூஞ்சைக்கு இரையாகும்; கடையில் விற்கும் செயற்கைப் பசையை நினைக்கவும் கூடாது, அது எரிந்து வாய்க்குள் வரும்.

கூர்முனைச் சுருட்டிலிருந்து தொடங்குவதும் தேவையற்ற சோதனை. இரு முனையும் நேராக வெட்டித் திறந்திருக்கும் வடிவத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்ற பெயர் நம் சுருட்டு என்ற சொல்லிலிருந்தே போனது. திருச்சி உறையூரில் சுற்றப்பட்டுக் கடல் கடந்து புகழ்பெற்ற சுருட்டுகளின் நாட்டிலிருந்து வரும் நாம், அந்த வடிவத்திலேயே கையைப் பழக்கலாம். வாயில் வைக்கும் முனையை இலைத்துண்டால் மூடும் தலைமூடி வேலை இல்லாததால் கவனம் முழுவதும் இழுவையில் நிற்கும்.

சுற்றியதும் புகைத்துப் பார்ப்பது, பொறுக்க முடியாத தவறு என்றாலும் மிகச் சாதாரணமானது. மேலிலையில் மிகையாக இருந்த ஈரம் வெளியேறவும் மூன்று அடுக்குகளின் ஈரமும் ஒன்றாகவும் குறைந்தது மூன்று வாரம் வேண்டும்; இரண்டு மூன்று மாதம் காத்திருந்தால் கலவையின் உண்மைச் சுவை தெரியும். ஈரப்பதமானி வைத்த மூடிய பெட்டியில் 65 விழுக்காட்டு அளவில் வைத்திருங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் திறந்த அலமாரியில் வைத்தால் இரண்டே வாரத்தில் பூஞ்சை கட்டிவிடும்.

வெப்ப நாடுகளில் இன்னொரு பகை உண்டு. புகையிலை வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள செம்பழுப்புப் பூச்சி. சமையலறையில் மல்லியையும் மஞ்சளையும் துளைப்பதும் அதே வண்டுதான். அதன் முட்டைகள் இலையோடு வந்து, அறை வெப்பமாக இருந்தால் பொரிக்கத் தொடங்கும். புழு சுருட்டின் ஊடே தின்று வளர்ந்து, வண்டானதும் ஊசித்துளை போட்டு வெளிவரும். புதிதாக வாங்கிய இலையை இரட்டைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, முதலில் ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்து, பிறகு உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது மூன்று நாள் வைத்து, மறுபடி குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்தபின் வெளியே எடுங்கள். நேரே உறைபெட்டியிலிருந்து எடுத்துத் திறந்தால் காற்றின் ஈரம் இலைமேல் நீராகப் படிந்துவிடும்.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சுருட்டைப் புகைக்காமல் ஒதுக்கி, கூரிய கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். முறுக்கிய இடம், ஓரத்துக்கு நகர்ந்த லிகேரோ, நடுவில் இன்னும் கருத்து ஈரமாக நிற்கும் இலை ஆகிய மூன்றும் அங்கே கண்ணுக்கு நேரே தெரியும். கண்டதை அந்தத் தொகுதியின் எடைக்குறிப்புக்கு அருகிலேயே எழுதிவைத்துவிட்டு, அடுத்த தொகுதிக்கு இலை நனையுங்கள்.