மாணவர் வருவதற்கு முன்பே செய்துவிடும் தவறுகள்: திறமூலத் திட்டங்களில் வழிகாட்டுவோர் கவனத்துக்கு

நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம் என்று திறந்துவைக்கும் திறமூல மென்பொருள் திட்டங்களில், மாணவர்கள் வந்து பயிலும் கோடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது, யாராவது ஒரு வழிகாட்டி, "பையன் நன்றாகத்தான் தொடங்கினான், ஜூலைக்குப் பிறகு ஆளையே காணவில்லை" என்று சொல்வது வழக்கம். நடுத்தர அளவுள்ள ஒரு திட்டத்தில் சில கோடைகள் வழிகாட்டியாகவும் பிறகு ஒருங்கிணைப்பாளராகவும் இருந்த நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். பின்னர் அந்த மாதங்களின் உரையாடல்களைப் பொறுமையாகத் திரும்பப் படித்தபோது, அவர் காணாமல் போவதற்கு வேண்டிய ஏற்பாடுகளை, அவருடைய பெயரே எங்களுக்குத் தெரியாத பிப்ரவரி மாதத்தில் நாங்களே செய்து வைத்திருந்தது புரிந்தது.

இங்கே நான் முதன்மையாக மனத்தில் வைத்திருப்பது, கூகுள் 2005இல் தொடங்கிய சம்மர் ஆஃப் கோட் என்ற கோடைப் பயிற்சித் திட்டத்தையும், லினக்ஸ் கணினிகளுக்கான திரைச்சூழலை உருவாக்கும் க்னோம் திட்டம் 2006இல் பெண்களுக்காக நடத்திய கோடை முயற்சியில் வேர்விட்டு இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில் இயங்கும் பயிற்சித் திட்டத்தையும்தான். இரண்டிலும் பயில்பவருக்கு உதவித்தொகை உண்டு. வழிகாட்டுபவரோ பெரும்பாலும் தன் வேலை நேரம் போக மிஞ்சிய மாலைகளைக் கொடுக்கும் தன்னார்வலர். எல்லாவற்றையும் விட அரிதான பொருள் அந்த மாலைகள்தான் என்பதை மறந்துவிட்டுத் திட்டமிடுவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் கிளைக்கின்றன.

யோசனைப் பட்டியலில் தொடங்கும் கோளாறு

மாணவர்களுக்கான பணிகளைப் பட்டியலிடும்போது இரண்டு எதிர்மாறான தவறுகள் நடக்கின்றன. ஒன்று, ஐந்து ஆண்டுகளாக யாரும் தொட விரும்பாத, ஏன் அப்படி எழுதப்பட்டது என்று யாருக்கும் நினைவில்லாத பழைய நிரல் பகுதியைப் புதியவர் தலையில் கட்டுவது. மற்றொன்று, அடுத்த வெளியீட்டுக்குக் கட்டாயம் வேண்டிய அம்சத்தைக் கொடுத்துவிட்டு, அது முடியாதபோது பதறுவது. மாணவரின் வேலை முற்றிலும் தோல்வியடைந்தாலும் திட்டம் வழக்கம்போல் நடக்க வேண்டும்; வெற்றியடைந்தால் யாராவது ஒருவர் உண்மையில் மகிழ வேண்டும். இந்த இரண்டு சோதனையிலும் தேறாத யோசனையைப் பட்டியலில் வைக்காமல் இருப்பதே நல்லது.

அளவு இன்னொரு சிக்கல். சம்மர் ஆஃப் கோட் 2021இல் பணியின் அளவை 175 மணி நேரமாகப் பாதியாக்கியபோது, எங்களைப் போன்ற பலருக்கு நெடுநாள் வழக்கமாகிவிட்ட யோசனைகள் எவ்வளவு பெரியவை என்பது முதன்முறையாக உறைத்தது. இப்போது ஏறத்தாழ 90, 175, 350 மணி நேரம் என்று மூன்று அளவுகள் உள்ளன. 350 மணி நேரத்தைப் பன்னிரண்டு வாரங்களால் வகுத்தால் வாரத்துக்கு 29 மணி நேரம் வருகிறது. பகுதிநேர வேலையோ தேர்வோ உள்ள ஒருவரால் அது முடியுமா என்று விண்ணப்பத்தைப் பார்க்கும்போதே கேட்க வேண்டும், ஜூன் மாதத்தில் கேட்கக் கூடாது. அனுபவமுள்ள ஒருவர் மூன்று வாரத்தில் முடித்துவிடுவார் என்று தோன்றும் வேலை, புதியவருக்கு ஒரு முழுக் கோடையை எடுத்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. அது இதுவரை பொய்த்ததில்லை.

தேர்வு: எண்ணிக்கையை நம்புவதும் அழகான முன்மொழிவை நம்புவதும்

மார்ச் மாதத்தில் அரட்டை அறைகள் நிரம்பி வழியும்போது, யார் அதிகப் புல் ரிக்வெஸ்ட் (தன் நிரல் மாற்றத்தை ஏற்கும்படி கேட்கும் கோரிக்கை) அனுப்பினார் என்று எண்ணத் தொடங்குவது எளிது. எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கு திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபரில் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் 2020ஆம் ஆண்டு அனுபவமே சான்று. நான்கு புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்ற ஏற்பாட்டில், விளக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்ப்பது போன்ற பொருளற்ற மாற்றங்கள் திட்டங்களின் நிரல் களஞ்சியங்களில் வந்து குவிந்தன. விருப்பம் தெரிவித்த களஞ்சியங்களுக்கு மட்டுமே கணக்கு என்று அந்த மாதத்தின் தொடக்க நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2024இன் தொடக்கத்தில் வலைச் சேவையகங்கள் எழுதப் பயன்படும் எக்ஸ்பிரஸ் மென்பொருளின் களஞ்சியத்துக்கும் ஒரு பாடக் காணொளியின் விளைவாக அதே கதி ஏற்பட்டது. அந்த மாணவர்களைக் கேலி செய்தவர்கள் பலர். எதை எண்ணுகிறார்களோ அதைக் கொடுக்கத்தானே பள்ளி முதல் அவர்களைப் பழக்கியிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

முன்மொழிவின் மொழியழகை நம்புவது இன்று இன்னும் பெரிய தவறு. வழுவழுப்பான பத்துப் பக்கங்களை இயந்திரமே எழுதித் தந்துவிடுகிறது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அவர் அனுப்பிய சிறிய மாற்றத்தின் மீது நாம் ஒரு திருத்தம் சொன்ன பிறகு என்ன நடந்தது? திருத்தி அனுப்பினாரா, காரணம் கேட்டாரா, அல்லது அதைக் கைவிட்டு அடுத்த எளிய வேலைக்குத் தாவிவிட்டாரா? அவுட்ரீச்சி, விண்ணப்பதாரர்கள் தேர்வுக்கு முன்பே பங்களிக்க வேண்டும் என்பதைக் கட்டாய நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. அதில் ஓர் அநீதியும் ஒளிந்திருக்கிறது. ஒரே இடத்துக்கு நாற்பது பேர் முயலும்போது, முப்பத்தொன்பது பேர் ஊதியமின்றி உழைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆகவே எத்தனை இடம் உண்டு, எத்தனை பேர் முயல்கிறார்கள் என்பதை ஒளிக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "புதியவருக்கு ஏற்றது" என்று முத்திரையிட்ட ஒவ்வொரு வழுவுக்கும் (பிழைப் பதிவுக்கும்) பதில் சொல்ல ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். கேட்பாரற்ற வழுவில் அந்த முத்திரையைக் குத்துவது, ஆளில்லாத வீட்டு வாசலில் வரவேற்புக் கோலம் போடுவதைப் போன்றது.

இடங்களைக் கேட்கும்போது

நல்ல யோசனைகள் எத்தனை என்று எண்ணி அத்தனை மாணவர் இடங்களைப் பயிற்சித் திட்டத்தை நடத்துவோரிடம் கேட்பது, ஒருங்கிணைப்பாளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. நான் செய்ததும் அதுதான். ஓர் ஆண்டு ஆறு விண்ணப்பங்கள் சிறப்பாக இருந்தன என்று ஆறு இடங்கள் பெற்றோம். வழிகாட்டிகள் நான்கு பேர், "தேவைப்பட்டால் உதவுகிறேன்" என்று சொன்னவர் ஒருவர். ஜூன் மாதத்தில் ஒருவருக்கு வேலை மாறியது, இன்னொருவருக்குக் குழந்தை பிறந்தது. உதவுவதாகச் சொன்னவரோ தான் உதவவேண்டிய மாணவர் எதைச் செய்துகொண்டிருக்கிறார் என்பதையே அறிந்திருக்கவில்லை. மூன்று மாணவர்கள் என் பொறுப்பில் வந்து சேர்ந்தார்கள், மூவருக்கும் நான் அரைகுறையாக இருந்தேன். அவர்களில் ஒருவர்தான் காணாமல் போன "பையன்".

ஒரு மாணவருக்கு வாரம் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, அந்த நேரம் உண்மையில் யாரிடம் இருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்ட பிறகே இடங்களின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். இரண்டாம் வழிகாட்டி படிவத்தில் மட்டும் இடம்பெறும் பெயராக இல்லாமல், வாரம் ஒருமுறையாவது உரையாடலில் கலந்துகொள்பவராக இருக்க வேண்டும். விலக நேர்ந்தால் வெட்கப்படாமல் உடனே சொல்லலாம் என்பதையும் தன்னார்வலர்களிடம் தொடக்கத்திலேயே தெளிவாக்க வேண்டும். குற்ற உணர்ச்சியால் மௌனமாக விலகும் வழிகாட்டிகளை, காணாமல் போகும் மாணவர்களுக்குச் சமமான எண்ணிக்கையில் பார்த்திருக்கிறேன்.

மௌனம்

சம்மர் ஆஃப் கோடில் பல ஆண்டுகளாக இந்தியாவிலிருந்தே அதிகமானோர் பங்கேற்கிறார்கள். அதன் முதல் பத்தாண்டுகளில் பல்கலைக்கழகங்களின் வரிசையில் இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் முன்னணியில் நின்றது. எனவே நம் வகுப்பறைப் பழக்கங்கள் இந்தத் திட்டங்களுக்குள் அப்படியே வந்து சேர்வதில் வியப்பில்லை. நம் மாணவர் ஐயத்தைப் பொதுவில் கேட்க மாட்டார். "சார், ஒரு டவுட்" என்று தனிச் செய்தியில்தான் வருவார். முடிக்காத வேலையைக் காட்டுவது அவமானம் என்று எண்ணி, முடியும்வரை மறைத்து வைத்திருப்பார். வழிகாட்டி அந்தத் தனிச் செய்திக்கு அங்கேயே பதிலும் சொல்லிவிடுகிறார். விளைவாக, திட்டத்தின் பிற உறுப்பினர்களுக்கு அந்த மாணவர் இருப்பதே தெரிவதில்லை. வழிகாட்டி ஒரு வாரம் ஊருக்குப் போனால் மாணவர் கிணற்றில் விழுந்த கல்லாகிவிடுகிறார்.

தனிச் செய்தி வந்தால், "நல்ல கேள்வி, இதையே பொது அறையில் கேளுங்கள், அங்கே பதில் சொல்கிறேன்" என்று கனிவாகத் திருப்பிவிட வேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்கு இது எரிச்சலூட்டும் வேலைதான். அதேபோல, "எப்படிப் போகிறது?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், அதற்கு எப்போதும் கிடைக்கும் பதில், "எல்லாம் நன்றாகப் போகிறது சார்" என்பதே. நேற்று எதை முயன்றீர்கள், எந்த வரியில் பிழைச் செய்தி வந்தது, நிரலின் எந்தக் கிளையில் (தனிப் பிரதியில்) பார்க்கலாம் என்று கேட்டால் மறைக்க வழியிருக்காது, மறைக்கவேண்டிய தேவையும் இருக்காது. முடியாத நிரலையும் வாரம் இருமுறை களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும் என்பதை விதியாக்கி, வழிகாட்டியும் தன் அரைகுறை நிரலை அங்கே ஏற்றிக் காட்டினால் வெட்கம் தானாகக் கரையும்.

நேர வேறுபாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோடைக்காலத்தில் சென்னைக்கும் பெர்லினுக்கும் மூன்றரை மணி நேரம்தான் வேறுபாடு. சென்னைக்கும் கலிபோர்னியாவுக்கும் பன்னிரண்டரை மணி நேரம். பின்னதில் ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் ஒரு நாள் போய்விடும் என்பதால், நான்கு சுற்றுத் திருத்தம் வேண்டிய சிறிய மாற்றம் ஒன்று வேலை வாரம் முழுவதையும் விழுங்கிவிடும். அத்தகைய இணைக்கு வாரம் ஒரு நேரடிப் பேச்சு கட்டாயம். இருபுறமும் 48 மணி நேரத்துக்கு மேல் முன்னறிவிப்பில்லாத மௌனம் கூடாது என்று எழுதியே வைத்துக்கொள்ளலாம்.

நிரலைச் சீர்பார்க்கும்போது

மாணவர் எழுதியதை இரவோடு இரவாக வழிகாட்டியே திருத்தி எழுதிவிடுவது உதவி போலத் தோன்றும். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். காலையில் அவர் நன்றி சொன்னார், பிறகு மூன்று நாட்கள் ஒரு கமிட்டும் (மாற்றப் பதிவும்) செய்யவில்லை. தன் நிரல் வேண்டாம் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். இடைவெளி, பெயரிடல் போன்றவற்றைப் பற்றி ஒரே மூச்சில் நாற்பது கருத்துகளை எழுதுவதும் அதே விளைவைத் தரும். அவற்றைத் தானியங்கிக் கருவிகளிடம் விட்டுவிட்டு, வடிவமைப்பைப் பற்றி மட்டும் மனிதர் பேசினால் போதும்.

இதைவிட ஆபத்தானது, வழிகாட்டி வேறு, அந்த நிரல் பகுதியில் எந்த மாற்றத்தை ஏற்பது என்று முடிவு செய்யும் பராமரிப்பாளர் வேறு என்பதை மறப்பது. வழிகாட்டி மூன்று மாதம் பாராட்டி வளர்த்த வேலையை ஆகஸ்ட் இறுதியில் பராமரிப்பாளர் முதன்முறையாகப் பார்த்து, "இந்த அணுகுமுறையே எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் மாணவர் யாரை நம்புவார்? பராமரிப்பாளரின் ஒப்புதலை மே மாதத்தில், ஒரு பக்க வடிவமைப்புக் குறிப்பின் மீதே பெற்றுவிட வேண்டும். வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, முதல் துண்டு ஜூன் மாதத்துக்குள் மெர்ஜ் ஆகும்படி (முதன்மை நிரலில் சேரும்படி) அமைக்க வேண்டும். கடைசி வாரத்தில் வரும் ஐயாயிரம் வரிப் புல் ரிக்வெஸ்ட்டை யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை.

இடைக்கால மதிப்பீடு

இரக்கப்பட்டுத் தேர்ச்சி கொடுப்பது இங்கே வழக்கமான தவறு. சம்மர் ஆஃப் கோடின் இடைக்கால மதிப்பீட்டில் தோற்றால் மாணவர் திட்டத்திலிருந்து வெளியேற வேண்டும், அந்தக் கட்டத் தொகையும் கிடைக்காது என்பதால் கை நடுங்குவது இயல்பே. இரண்டு வாரங்களுக்கு முன்பே, இன்னின்னவை இந்தத் தேதிக்குள் வராவிட்டால் தேர்ச்சி தர முடியாது என்று எழுத்தில் சொல்லியிருந்தால், பெரும்பாலானோர் எழுந்து வந்துவிடுகிறார்கள். வராதவருக்கும் முடிவு திடீரென்று வந்ததாக இருக்காது. முன்னறிவிப்பின்றித் தோல்வி கொடுத்தால் அதில் பாதித் தோல்வி வழிகாட்டியுடையது. மதிப்பீட்டுப் படிவத்தைக் கெடுவுக்குள் நிரப்ப மறக்கும் வழிகாட்டிகளும் உண்டு. ஒருங்கிணைப்பாளர் அந்த வாரத்தில் விடுப்பு எடுக்காமல் இருப்பது நலம்.

கோடை முடிந்ததும் பெரும்பாலான மாணவர்கள் போய்விடுவார்கள். படிப்பும் வேலையும் அவர்களை அழைக்கும். அதை நன்றிகெட்டதனமாகப் பார்ப்பது சரியல்ல. ஆனால் செப்டம்பரில் செய்வதற்கு ஒரு சிறிய வேலையும், கேட்பதற்கு ஒரு மனிதரும் இருந்திருந்தால் தங்கியிருப்பார் என்று தோன்றும் ஒருவரையும் அனுப்பிவிடக் கூடாது.

அதே செப்டம்பரில், நினைவு மங்குவதற்குள் ஒவ்வொரு வழிகாட்டியும் உண்மையில் வாரம் எத்தனை மணி நேரம் கொடுத்தார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாணவர்களை ஏற்ற அந்தக் கோடைக்குப் பிறகு நாங்கள் முதன்முறையாக அப்படி எழுதிவைத்தோம். அடுத்த ஆண்டு அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, ஏழு நல்ல விண்ணப்பங்கள் கையில் இருந்தும் இரண்டு இடங்கள் மட்டுமே கேட்டோம்.